ஏழாம் அறைக்குக் கீழே

மாசி கழிந்தால் வசந்தம் என்று
உரமூட்டையில் அச்சடித்திருக்கிறான்.
கானாடுகாத்தானில் அது
வெயில் பல் விளக்கிவிட்டு
வேலைக்குக் கிளம்புகிற மாதம்.

வேம்பு பூத்து உதிர்ந்து
புல்தரை முழுக்க நொய் சிந்தியதுபோல் கிடக்கிறது.
பூவானாலும் எனக்குக் குப்பைதான்.
விளக்குமாறு போட்டால் புல் வேர் ஆடும்,
விரலால் பொறுக்கினால் முதுகு போகும்.
ஊதித் தள்ளும் மெஷின் ஒன்று கேட்டேன்.
மேனேஜர் லெனின் சிரித்தார்.
அவரிடம் பட்ஜெட் இருப்பது சிரிப்புக்கு மட்டும்.

ஓசூரிலிருந்து பாயாகச் சுருண்டு
லாரியில் வந்திறங்கிய புல் இது.
மேலே ஒரு சாண் மண், கீழே செம்பொறை;
கடப்பாரையை இறக்கினால்
இறக்கிய ஆளைத்தான் அது திரும்பிப் பார்க்கும்.
வாரம் ஒருநாள் முள்ளுக்கம்பியால் குத்திக்கொண்டே போகிறேன்,
வேருக்குக் காற்றுப் போகட்டும் என்று.
குத்திய ஓட்டையில் சலித்த மணலும்
மக்கிய ஆட்டுப்புழுக்கையும்.
மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு
இட்லிக்குப் பொடி தூவுவதுபோல் இருக்கும்.

அருகைப் பிடுங்கும்போது மட்டும் கை கூசுகிறது.
தெருமுனைப் பிள்ளையார் கழுத்தில் கிடப்பதை
இங்கே களை என்று கூடையில் எறிகிறேன்.
கோரை வேறு கதை.
தலையைப் பிடுங்கினால்
கிழங்கு உள்ளேயிருந்து சொல்லும்,
நாளைக்கு வா.

போன கல்யாணத்தில் சேவுகன் மாஸ்டர்
கொதிக்கிற வடிகஞ்சியை
இருட்டில் புல்மேல் சாய்த்துவிட்டார்.
விடிந்து பார்த்தால்
அண்டாவின் வாயகலம் வட்டமாய்ச் செத்திருந்தது.
ஒரு வாரம் மனுஷன் என் கண்ணில் படவில்லை.
பிறகொரு காலை
புல்வெட்டி மெஷின்மேல் இலையில் சுற்றிய பணியாரம்.
தின்றுவிட்டேன்.
வட்டம் அப்படியே இருந்தது.

ஒட்டுப் போட நல்ல புல் வேண்டும்.
இந்த வளாகத்தில் அது ஓரிடத்தில்தான்:
ஏழாம் அறை ஏசிக்குக் கீழே.
போர் தண்ணீர் போல உப்புப் பூக்காது,
இரவெல்லாம் சொட்டும்,
புல் கேட்காமலே கொழுக்கும்.
ரிசப்ஷன் ஷர்மிளாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
யார் வந்தாலும் முதலில் ஏழில் போடு தாயி,
வேர்வை ஜாஸ்தி உள்ள ஆளாயிருந்தால் நல்லது.

பங்குனி பிறந்ததும் பிரான்சிலிருந்து ஒருவர் வந்தார்.
ஏசி வேண்டாமாம்.
ஜன்னலைத் திறந்து போட்டு
மயில் அகவலைக் கேட்டபடி தூங்குகிறார்.
இரண்டே நாளில் அந்த இடம் சாம்பல் பூத்தது.
நாலாம் நாள் மிதித்தேன்,
முறுக்குச் சத்தம்.

பொறுக்கவில்லை.
ஜன்னலடியில் நின்று கையாட்டினேன்.
ஏசியைக் காட்டினேன், புல்லைக் காட்டினேன்,
பத்து விரலையும் இறக்கி
சொட்டுச் சொட்டாகப் பெய்து காட்டினேன்.
புரிந்தது என்பதுபோல் தலையாட்டி உள்ளே போனார்.
ஸ்விட்சுச் சத்தத்துக்காக நின்றேன்.

படியிறங்கி வந்தார்.
செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து,
சந்நிதி வாசலில் விடுவதுபோல் ஓரமாக விட்டார்.
வெளுத்த பாதம், சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்திரி.
சாம்பல் புல்மேல் ஏறி நின்று
முகத்தை அண்ணாந்து
கண்ணை மூடிக்கொண்டார்.

என் பத்து விரல்
அவருக்கு என்ன சொல்லியதோ.
விளக்க எனக்குப் பாஷை இல்லை,
இருக்கிற பாஷையில் வைது பிரயோசனமில்லை.
ஹோஸ் பைப்பைத் திறந்து
அவரோடு சேர்த்து நனைத்தேன்.
முழங்காலில் பட்டதும் ஏதோ கத்தினார்,
சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.
மாடிக் கைப்பிடியில் ஷர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் துண்டு தேடிப் போனபிறகு பார்க்கிறேன்,
சுற்றிலும் ஈரம்,
நடுவில் இரண்டு பாதத்தின் அளவுக்குப்
புல் நனையாமலே இருந்தது.
அதற்கு மட்டும் தனியாக
ஒரு குவளை கொண்டுவந்து ஊற்றினேன்.